தண்ணீர் லாரி ஓட்டி நிலையான வேலைக்குப் போக முடியுமா? உச்சிப்புளித் தம்பிக்கு ஒரு பதில்

உச்சிப்புளி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 31. எட்டாவது தேறியவர், பத்தாவது முடிக்கவில்லை. ஹெவி லைசென்ஸ் எடுத்து ஏழு வருடம் ஆகிறது, பாம்பனிலிருந்து கேரளாவுக்கு மீன் லோடு ஓட்டுகிறார். கைக்குழந்தை இருக்கிறது, ராத்திரித் தூக்கம் போய்விட்டது, இனிமேல் ஊரோடு இருந்து பிழைக்க வேண்டும் என்கிறார். "குடிநீர் வாரியத்தில் டேங்கர் டிரைவராகச் சேர முடியுமா அண்ணே? இரண்டரை லட்சம் கொடுத்தால் பெர்மனென்ட் ஆக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். இன்னொரு பக்கம் மண்டபத்தில் ஒரு ஒப்பந்தக்காரர் டிரிப்புக்கு இவ்வளவு என்று கூப்பிடுகிறார். எதற்குப் போவது?" என்பது அவர் கேள்வி.

தம்பி, முதலில் அந்த இரண்டரை லட்சத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். நீங்கள் கேட்கும் வேலை அந்த இடத்தில் அந்த உருவத்தில் இல்லை. இல்லாத வேலையை அவர் எப்படி வாங்கித் தருவார்?

இந்தக் கடற்கரையில் பதினான்கு வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவன் நான். அதன் பிறகு லாரிகளை அனுப்பி வைக்கும் மேற்பார்வை வேலை பார்த்தேன். இந்த வேலைக்கு ஆசைப்பட்டு ஏமாந்த பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துப் படியுங்கள்.

நாம் "வாரியம்" என்று சொல்வது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். 1971-ல் தொடங்கியது. திட்டம் போடுவது, குழாய் பதிப்பது, நீரேற்று நிலையம் கட்டுவது, மொத்தமாகத் தண்ணீரைக் கொண்டுவந்து உள்ளாட்சிகளின் தொட்டியில் விடுவது ஆகியவைதான் அதன் வேலை. நம் மாவட்டத்துக்குத் திருச்சி பக்கத்திலிருந்து காவிரித் தண்ணீர் வருவதும் அப்படித்தான். தொட்டியிலிருந்து வீட்டுக்குக் கொடுப்பது நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சியின் பொறுப்பு. குழாயில் தண்ணீர் வராத தெருவுக்கு லாரி அனுப்புவதும் அவர்கள்தான். ஆகவே டேங்கர் வேலை என்றால் நீங்கள் தட்ட வேண்டியது வாரியத்தின் கதவை அல்ல, உள்ளாட்சியின் கதவை.

அந்த உள்ளாட்சியிலும் லாரி சொந்தமாக இருப்பது குறைவு. ஒன்றிரண்டு சொந்த லாரி இருக்கும், மீதி வாடகை லாரி. கோடையில் தண்ணீர் முடைப்பட்டால் வாடகைக்கு எடுப்பார்கள், மழை பெய்தால் நிறுத்திவிடுவார்கள். சென்னைக்கென்று தனியாக இருக்கும் குடிநீர் வாரியத்தின் பெயரில் தெருத்தெருவாக ஓடும் லாரிகளிலும் பெரும்பாலானவை ஒப்பந்த லாரிகள்தான். லாரியின் பக்கவாட்டில் அரசு பெயர் எழுதியிருக்கும், சம்பளம் கொடுப்பவர் வேறொருவராக இருப்பார். இதைப் புரிந்துகொள்ளாமல் "நானும் வாரியத்துக்காரன்தான்" என்று பத்து வருடம் ஓட்டிவிட்டு, ஒப்பந்தம் மாறிய அன்று வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

அதனால் என் கருத்து இதுதான்: நிலையான வேலை வேண்டுமென்றால் டேங்கரைத் தேடாதீர்கள், ஓட்டுநர் பணியிடத்தைத் தேடுங்கள். அது தண்ணீர் லாரியாக இருக்கலாம், குப்பை லாரியாக இருக்கலாம், ஒன்றிய அலுவலக ஜீப்பாகவும் இருக்கலாம். எந்த வண்டி என்பது முக்கியம் இல்லை. அந்தப் பணியிடம் காலமுறை ஊதியத்தில், அதாவது அரசின் நிரந்தரச் சம்பள விகிதத்தில், இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் என்று நான்கு நகராட்சிகள். கடலோரமாக மண்டபம், தொண்டி பேரூராட்சிகள், கொஞ்சம் உள்ளே தள்ளி சாயல்குடி. ஊராட்சி ஒன்றியங்கள் 11. மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி, ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானை எல்லாம் அதில் வரும். ஒன்றியங்களில் ஓட்டுநர் இடம் காலியானால் நேரடி நியமன அறிவிப்பு வெளியிடுவார்கள். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி, செல்லுபடியாகும் லைசென்ஸ், அனுபவச் சான்று கேட்பார்கள். அனுபவம் எத்தனை வருடம் என்பது அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். ஐந்து வருடம் கேட்டதும் உண்டு. அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்கும், அதன்மேல் அகவிலைப்படியும் மற்றப் படிகளும். இனச்சுழற்சி, அதாவது இட ஒதுக்கீட்டு வரிசை, உண்டு, வயது வரம்பும் இனத்துக்கு இனம் வேறுபடும். உங்களுக்கு 31 ஆகிவிட்டதால் இனி வரும் எந்த அறிவிப்பையும் "அடுத்த தடவை பார்ப்போம்" என்று விட முடியாது.

நகராட்சிகளில் ஓட்டுநர் வேலை இப்போது பெரும்பாலும் வெளிமுகமை (அவுட்சோர்சிங்) வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. காலையில் நாலு மணிக்கு வண்டி எடுத்து ஊருக்கே தண்ணீர் கொடுப்பவனுக்கு அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியக்கூடாதா? ஆனாலும் நிலைமை அதுதான், அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன்.

அறிவிப்பு எங்கே வரும் என்று கேட்பீர்கள். மாவட்ட இணையதளத்தில் வரும், நாளிதழில் சின்னதாக வரும், ஒன்றிய அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். விண்ணப்பிக்கக் கொஞ்ச நாள்தான் கொடுப்பார்கள். கேரளா டிரிப்பில் இருந்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் கடைசித் தேதி முடிந்திருக்கும், அதனால் வீட்டில் ஒருவரை வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லி வையுங்கள். ராமநாதபுரம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா? இருந்தால் அதில் உங்கள் ஹெவி லைசென்ஸையும் ஏற்றியிருக்கிறீர்களா? எட்டாம் வகுப்பை மட்டும் பதிந்துவிட்டு லைசென்ஸை விட்டவர்கள் பலர், ஓட்டுநர் பட்டியல் கேட்டு வரும்போது அவர்கள் பெயர் வராது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்று, பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதி முடித்துவிடுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். எட்டாவதோடு நிற்பவருக்கு உள்ளாட்சி மாதிரி சில கதவுகள்தான். பத்தாவது தேறி, கண்டக்டர் லைசென்ஸும் எடுத்துவிட்டால் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஓட்டுநருடன் நடத்துநர் பணிக்கு மனுப் போடலாம். 2025-ல் மாநிலம் முழுக்க 3,274 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. நம் பகுதி கும்பகோணம் கோட்டத்தின் காரைக்குடி மண்டலத்தில் வரும். அந்த வயது வரம்பில் நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள். மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம் இருக்கிறது, உச்சிப்புளியிலேயே கடற்படை விமானத்தளம் இருக்கிறது. கடலோரக் காவல்படையில் சிவிலியன் மோட்டார் டிரைவர் என்று மத்திய அரசுச் சம்பளத்தில் ஒரு பணி உண்டு. பத்தாவது, லைட், ஹெவி இரண்டு லைசென்ஸ், இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். பொதுவான வயது வரம்பு 27 என்பதால் உங்களுக்குத் தாண்டியிருக்கும். ஆனால் கிளீனராக உங்களோடு வரும் பையன் இருக்கிறானே, அவனுக்குச் சொல்லுங்கள்.

சரி, அனுபவச் சான்றுக்கு வருகிறேன். நம் ஆட்கள் வழுக்கி விழும் இடம் இது. ஏழு வருடம் ஹெவி ஓட்டியிருக்கிறீர்கள், அதற்கு உங்களிடம் என்ன காகிதம் இருக்கிறது? மீன் கம்பெனியில் கையில் காசு வாங்கியிருப்பீர்கள், அவ்வளவுதானே? அந்த ஓனரிடம் இப்போதே, சண்டை எதுவும் இல்லாத நேரத்தில், அவர் லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த எண் வண்டி, எத்தனை டன் வண்டி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வேலையை விட்ட பிறகு போய்க் கேட்டால் எந்த ஓனரும் எழுதித் தர மாட்டார். சம்பளத்தை இனி வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். அந்தப் பாஸ்புக் வரிகளே நாளைக்கு உங்களுக்குச் சாட்சி.

லைசென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. கனரக வாகன உரிமம் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் சலுகை இருந்தது, 2019 சட்டத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். தேதி முடிந்த மறுநாளே நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர். நடுவில் இரண்டு மாதம் இடைவெளி விழுந்தாலும் "தொடர்ந்து வைத்திருக்க வேண்டும்" என்று கேட்கும் வேலைக்கு அது இடிக்கும். ஒரு வருடம் முன்னதாகவே புதுப்பிக்கலாம், செய்துவிடுங்கள். தண்ணீர் ஆபத்தான சரக்கு அல்ல என்பதால் பெட்ரோல் டேங்கருக்கு வேண்டிய தனிச் சான்று இதற்கு வேண்டாம்.

லைட் லைசென்ஸ் வைத்துக்கொண்டே தண்ணீர் வண்டி ஓட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். லைட் லைசென்ஸ் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்குத்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 5,000 லிட்டர் ஏற்றினாலே ஐந்து டன், அதோடு வண்டியின் எடையையும் தொட்டியின் எடையையும் சேர்த்துப் பாருங்கள், கணக்கு எங்கேயோ போய்விடும்.

இதே கணக்கை மண்டபத்து ஒப்பந்தக்காரரின் லாரிக்கும் போடுங்கள். ஆறு சக்கர லாரிக்குச் சட்டப்படி மொத்த எடை 18.5 டன். வண்டியும் தொட்டியும் ஆறு டன் என்று வைத்தால் 12,000 லிட்டர் வரை சரி. அதே சேஸில் 16,000 லிட்டர் தொட்டியை வைத்து ஓட்டச் சொன்னால், பிடிபட்டாலும் கவிழ்ந்தாலும் ஸ்டியரிங் பிடித்தவன் தலையில்தான் முதலில் விழும். டிராக்டரில் இழுக்கும் டேங்கர் என்றால் அதன் ஆர்.சி. புக்கைப் பாருங்கள். விவசாயத்துக்கென்று பதிவாகியிருக்கும் டிராக்டரில் காசுக்குத் தண்ணீர் விற்கும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும்.

இப்போது அந்த ஒப்பந்தக்காரரிடம் போவதா வேண்டாமா என்பது. போகலாம் என்றுதான் சொல்வேன், ஆனால் டிரிப் கணக்கில் போகாதீர்கள். மாதச் சம்பளம் பேசுங்கள். ஏன் என்று நம் ஊர் மழையை நினைத்தாலே தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கி ஊரணி நிறைந்துவிட்டால் லாரித் தண்ணீரை யார் கேட்பார்கள்? டிரிப் குறைந்தால் அடுப்பு எரியாது. மாசி பிறந்தால் மறுபடி ஓட்டம். ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் ராமேஸ்வரத்தில் இடைவிடாமல் ஓட வேண்டும். ஏர்வாடி சந்தனக்கூடு சமயத்திலும் அப்படித்தான். அந்த நாட்களில் டிரிப் கணக்கு ஓட்டுகிறவன் இன்னும் ஒரு நடை, இன்னும் ஒரு நடை என்று தூங்காமல் ஓட்டுவான். தூக்கம் வேண்டும் என்றுதானே மீன் லோடை விடுகிறீர்கள்?

அப்புறம் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு). பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இ.எஸ்.ஐ., இருபது பேரோ அதற்கு மேலோ என்றால் பி.எஃப். என்பது பொதுவான விதி. 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர் இ.எஸ்.ஐ.யில் வருவார், உங்கள் பங்கு முக்கால் சதவீதம்தான். பி.எஃப்.பில் உங்கள் பங்கு 12 சதவீதம், முதலாளியும் அதே அளவு போட வேண்டும். நான் முதன்முதலில் சேர்ந்த இடத்தில் மாதாமாதம் பி.எஃப். என்று பிடித்தார்கள். நான்கு வருடம் கழித்து என் மகளின் காதுகுத்துக்குக் கொஞ்சம் பணம் எடுக்கலாம் என்று போனால் என் பெயரில் கணக்கே இல்லை. கேட்டதற்கு அந்த ஒப்பந்தம் முடிந்து போய்விட்டது என்றார்கள். அந்த நான்கு வருடம் எனக்குப் போனது போனதுதான். இன்று உங்களுக்கு அந்தக் கதி வேண்டியதில்லை. பி.எஃப். கணக்குக்கு ஒருவருக்கு ஒன்றே என்று கொடுக்கும் யு.ஏ.என். எண் கைக்கு வந்துவிட்டால் போனிலேயே மாதாமாதம் பணம் விழுந்ததா என்று பார்த்துவிடலாம். இரண்டு மாதம் விழவில்லை என்றால் மூன்றாவது மாதம் வாயைத் திறந்து கேளுங்கள்.

ஒப்பந்தக்காரர் மாறினாலும் யு.ஏ.என். மாறாது. புது ஆள் புது எண் போடுகிறேன் என்றால் விடாதீர்கள், பழைய எண்ணையே கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். மொத்தமாகப் பத்து வருடச் சேவை சேர்ந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம் என்பது உண்டு. ஐந்து ஒப்பந்தக்காரர், ஐந்து எண் என்று சிதறவிட்டால் எதுவும் தேறாது. ஒப்பந்த வேலையில் உங்கள் கையில் இருக்கும் நிலைத்தன்மை இந்த ஒரு எண்தான்.

ஆட்கள் குறைவான சின்ன இடம், பி.எஃப். கிடையாது என்றால் அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் நல வாரியம் என்று தமிழக அரசில் ஒன்று இருக்கிறது. ராமநாதபுரத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரித்துப் பதிவு செய்யுங்கள். விபத்து உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் அதில் வரும்.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீன் லோடும் தண்ணீரும் ஒன்றல்ல. மீன் பெட்டி கட்டிவிட்டால் அசையாது. தண்ணீர் உங்களோடு சேர்ந்து ஓடும். முழுத் தொட்டியைவிடப் பாதித் தொட்டிதான் பயம். பிரேக் பிடித்து வண்டி நின்ற பிறகு பின்னால் இருந்து தண்ணீர் வந்து ஓர் இடி இடிக்கும், வண்டி இன்னும் இரண்டடி முன்னால் போகும். பெருங்குளம் தாண்டி ஒரு நாள் ஆடு குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன், நின்றுவிட்டது என்று மூச்சு விட்டேன், அந்த இடி வந்து தள்ளியதில் ஆடு போய்விட்டது. அது ஆளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன். தொட்டிக்குள் குறுக்கே தடுப்புத் தகடு இருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள். வளைவில் பாதித் தொட்டியோடு திரும்பும்போது நடைவேகத்துக்கு வாருங்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் காற்று அடிக்கும் நாளில் காலி டேங்கர் பக்கவாட்டில் இழுக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

உப்புக் காற்று இரும்பைத் தின்னும். பிரேக் பைப், சேஸின் அடிப்பக்கம், பேட்டரி முனை மூன்றையும் வாரம் ஒருமுறை பார்ப்பவனைத்தான் ஓனர் விடமாட்டார். தொட்டியைக் கழுவச் சொன்னால் தனியாக உள்ளே இறங்காதீர்கள். வாய் மூடியே கிடந்த தொட்டிக்குள் மூச்சுக்குக் காற்று இருக்காது. மூடியைத் திறந்துவைத்து, நேரம் விட்டு, மேலே ஒரு ஆளை நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

தண்ணீரில் குளோரின் பார்ப்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். பரிசோதனைக் குப்பியில் இரண்டு சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பதுதான், ஐந்து நிமிட வேலை. குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். டிரிப் ஷீட்டில் எடுத்த இடம், நேரம், கொடுத்த தெரு, குளோரின் அளவு எல்லாம் ஒழுங்காக எழுதும் டிரைவரை அதிகாரிகள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒப்பந்தம் மாறும்போது "அந்தப் பையனை வைத்துக்கொள்ளுங்கள்" என்று புது ஒப்பந்தக்காரரிடம் அவர்கள் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கே இரண்டு முறை அப்படித்தான் வேலை தப்பியது.

வழியில் தண்ணீரை விற்கச் சொல்லி ஆசை காட்டுவார்கள். லாட்ஜ்காரர் கேட்பார், கல்யாண வீட்டுக்காரர் கேட்பார். தெருவில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, அடுத்த லாரி எப்போது என்று கேட்டு நிற்கும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பங்கு அது. ஒரே ஒரு லோடு வெளியே போனாலும் ஜி.பி.எஸ்.ஸில் தெரிந்துவிடும். அப்புறம் நீங்கள் சேர்த்து வைத்த அனுபவச் சான்று எதுவும் உதவாது.

ஆக, இந்த வாரம் மீன் ஓனரிடம் அனுபவச் சான்று வாங்குங்கள், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஹெவி லைசென்ஸைப் பதியுங்கள். மண்டபத்துக்காரரிடம் போகும்போது மாதச் சம்பளமா, யு.ஏ.என். உண்டா, தொட்டி எத்தனை லிட்டர், டிரைவருக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறாரா என்ற நான்கையும் கேளுங்கள். லாரியின் எப்.சி. (தகுதிச் சான்று) தேதியை நீங்களே கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், சேரலாமா என்று அப்போது சொல்கிறேன்.